ஒருத்திக்கு ஆகாத கடலை

1. மில்லுக்கு வந்த போன்

அரிமளம் பக்கத்தில் நிலக்கடலை உடைக்கும் மில் ஒன்றில் தரம் பார்க்கிறேன். லோடு வந்ததும் மூட்டையில் குத்தூசியைச் செருகி சாம்பிள் எடுக்க வேண்டும். மாய்ஸ்சர், அதாவது ஈரப்பதம் பார்க்க வேண்டும். சொத்தை, சுருங்கல் எவ்வளவு என்று எழுத வேண்டும். அன்று குளத்தூரிலிருந்து வந்த லோடைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வீட்டிலிருந்து நாத்தனார் சுமதி கூப்பிட்டாள்.

"அண்ணி, யாழினிக்கு ஒதடு வீங்கிருச்சு. ஒடம்பெல்லாம் தடிப்பு. மூச்சு எளைக்குது."

"என்ன குடுத்த?"

"பக்கத்து வீட்டுல பொறந்தநாளுன்னு கடலை உருண்டை குடுத்தாங்க. ஒரு துணுக்குத்தான் தின்னா."

"எனக்காக நிக்காத. ஆட்டோவப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போ. நான் நேரா அங்க வாரேன்."

யாழினி என் மூத்தவள். அப்போது ஒன்றரை வயது. நான் போய்ச் சேர்ந்தபோது ஊசி போட்டிருந்தார்கள். மூச்சு சீராகியிருந்தது. இரவு முழுவதும் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் வேலை நேரத்தில் வீட்டு நம்பரிலிருந்து போன் வந்தால் இன்றும் என் கை அப்படியே நின்றுவிடுகிறது.

2. டாக்டர் கேட்ட கேள்வி

கைக்குழந்தையிலிருந்தே யாழினிக்குக் கரப்பான். கன்னமும் முழங்கை மடிப்பும் வெடித்து நீர் வடியும். எங்கள் பக்கத்தில் கரப்பான் உள்ள பிள்ளைக்குக் கடலை, முட்டை, மீன் எதையும் காட்டமாட்டார்கள். பால் கொடுக்கும் தாய்க்கும் அதே பத்தியம்தான். நானும் கண்டிப்பாக இருந்தேன். பிறகு எப்படி இப்படி ஆனது என்று திருச்சியில் அலர்ஜி பார்க்கும் டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"நீங்க எங்க வேலை பாக்குறீங்க?"

"கடலை மில்லுல."

"வீட்டுக்கு வந்ததும் சேலை மாத்துவீங்களா?"

"இல்லைங்க. புள்ள அழுதுக்கிட்டு இருப்பா. வந்ததும் தூக்கிருவேன்."

"அப்ப வாய்க்குத்தான் குடுக்கல. வெடிச்ச தோலுக்குத் தூசியா தெனமும் போயிருக்கலாம். வயித்துக்குப் பழகுறதுக்கு முந்தி தோலுக்குப் போனா, ஒடம்பு அதை எதிரியா நெனச்சுக்கும். ஆனா ஒங்க புள்ளைக்கு இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா."

இனி யாழினிக்குக் கடலை கூடாது. அவசரத்துக்கு ஊசி மருந்து கைவசம் இருக்க வேண்டும். மில்லிலேயே குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும் பழக்கம் அன்றிலிருந்து வந்தது.

3. இரண்டாவது பிள்ளை

எனக்கு நாற்பது வயதுக்கு மேல் கவின் பிறந்தான். அவனுக்கும் நான்காம் மாதம் கன்னம் சிவந்தது. இவனுக்குக் கடலையைக் கண்ணிலேயே காட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் திருச்சிக்குப் போனேன். டாக்டரம்மா நேர்மாறாகச் சொன்னார்.

"ஆறு மாசத்தை ஒட்டிப் பழக்கிருங்க. கடலை, முட்டை, மீன் எல்லாம் ஒண்ணொண்ணா. தள்ளிப் போட்டா கரப்பான் கொறையும்னு இல்ல. காலாகாலத்துல பல சாப்பாடு பழகுன புள்ளைங்களுக்குக் கரப்பான் வர்றதே கொறைவா இருக்குன்னும் பாத்திருக்காங்க."

"மூத்தவளுக்கு ஆனதப் பாத்தீங்கள்ல மேடம். என்னால முடியாது."

"அவ வேற, இவன் வேற. சோதிக்காம எப்படி முடிவு பண்ணுவீங்க?"

ஆறாவது மாதம் அவனைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனேன். முதலில் தோலில் லேசாகக் குத்திச் சோதித்தார்கள். ஒன்றும் தடிக்கவில்லை. பிறகு வறுத்து மைபோல அரைத்த கடலையைத் தாய்ப்பாலில் நீர்க்கக் கரைத்து, டாக்டரம்மா முன்னாலேயே ஸ்பூன் நுனியில் தொட்டு அவன் நாக்கில் வைத்தேன். சப்புக் கொட்டினான். மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிவிட்டு, போகலாம் என்று அவர் சொல்லும்வரை அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

விடாமல் கொடுத்தால்தான் பழக்கம் நிலைக்கும் என்றார். ஆனால் எங்கள் வீட்டுக்குள் கடலை வரக்கூடாது. மில்லில் பருப்புப் பொறுக்கும் செல்விக்கு இதைச் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"கடலை மில்லுல சம்பளம் வாங்குறீங்க, கடலை ஊட்ட எடமில்லையா? எங்க வீடு பின்னாடிதானே இருக்கு. அங்கிட்டு வந்து ஊட்டுங்க மேடம். எம் மாமியாரு மட்டும் கரப்பான் பண்டம்னு திட்டும். காதுல வாங்காதீங்க."

சொன்னபடியே மாமியார் திட்டினார். நான் காதில் வாங்கவில்லை. வாரத்தில் சில நாள் சுமதி மதியம் கவினைத் தூக்கி வருவாள். ஊட்டி முடித்து, வாயும் கையும் கழுவி, சட்டை மாற்றி அனுப்புவோம். யாழினி ஒருநாள் கேட்டாள்: "தம்பி மட்டும் எங்கம்மா போறான்? நானும் வாரேன்." அவளுக்குப் புரியும்படி சொல்லிவைத்திருக்கிறேன். புரிந்தாலும் கோபம் போகவில்லை.

ஒரே வயலில் விளைந்த கடலையானாலும், முதல் மூட்டையில் பார்த்ததை இரண்டாவது மூட்டைக்கு எழுதக்கூடாது. மில்லுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு அதை இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது. கவினுக்கு இப்போது பதினோரு மாதம். கன்னம் தெளிந்துவிட்டது. ஊட்டி முடித்ததும் அவன் உதட்டைப் பார்ப்பதை மட்டும் நான் இன்னும் விடவில்லை.