வலப்பக்கத்துத் தெரு

லைசென்ஸ் பரீட்சையில் முதல் தடவை நான் தவறியது வேகமாகக் கார் ஓடியதால் அல்ல. பச்சை விளக்கு எரிந்த பிறகும் நின்றேன். ஒரு பேருந்து தன் தரிப்பிடத்தை விட்டு வெளிக்கிடுமோ, வெளிக்கிடாதோ என்று அதன் பின்னால் காத்திருந்தேன். நடைபாதையில் தொலைபேசியில் பேசிக்கொண்டு நின்ற ஒருவர் திடீரென்று வீதியில் இறங்கிவிடுவார் என்று பயந்து பிரேக் போட்டேன். "வீதியில் உள்ள எல்லாரையும் கண்டு நீங்கள் பயப்படுகிறீர்கள், மதாம்," என்றார் எங்கள் ஓட்டுநர் பள்ளி ஆசிரியை. அவர் கோபமாகச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

அது 2016. பாரிசுக்கு வந்து ஆறு வருடமாகியிருந்தது. மகளுக்கு நான்கு வயது. புறநகரில் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலை ஒன்று எனக்காகக் காத்திருந்தது. நேர்முகத் தேர்வில் எல்லாம் திருப்தி என்றார்கள், லைசென்ஸ் ஒன்றுதான் குறை. எழுத்துப் பரீட்சையில் முதல் தடவையே தேறியிருந்தேன். வீதி விதிப் புத்தகத்தை மெட்ரோவிலும் மகளின் பள்ளி வாசலிலும் வைத்துப் பாடமாக்கியவள் நான். நாற்பது கேள்வியில் இரண்டே பிழை. அந்த இரண்டும் எவை என்று நெடுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியைதான் ஒரு வழி சொன்னார். இங்கே படிப்படியாக லைசென்ஸ் எடுக்க ஒரு முறை உண்டு. ஐந்து வருடமாவது லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, குறைந்தது மூன்று மாதமும் ஆயிரம் கிலோமீட்டரும் சொந்தக் காரில் ஓடலாம். இடையில் ஒரு நாள் ஆசிரியை பக்கத்தில் இருந்து பார்ப்பார். அவர் சம்மதித்தால் மறுபடியும் பரீட்சை. தேறினாலும் மூன்று வருடத்துக்குக் காரின் பின்னால் சிவப்பு 'A' ஒட்டிக்கொண்டு மற்றவர்களை விடக் குறைந்த வேகத்தில்தான் ஓடலாம்.

பக்கத்தில் இருக்க என் கணவரை விட்டால் யார்? பதினொரு வருடமாக இந்த ஊரில் வான் ஓட்டுகிறார். ஒபர்வில்லியே புறநகரின் மொத்த வியாபாரக் கிடங்குகளிலிருந்து லா சப்பல் பகுதித் தமிழ்க் கடைகளுக்குச் சாமான் ஏற்றுவது அவர் வேலை. ஒரு விபத்தில்லை. ஆனால் அவர் இங்கே பரீட்சை எழுதியவரும் அல்லர். அகதி அட்டை கிடைத்த கையோடு சொந்த ஊரில் எடுத்த லைசென்ஸைக் கொடுத்து பிரெஞ்சு லைசென்ஸாக மாற்றி எடுத்தவர். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

'பக்கத்தில் ஒருவர் இருக்கப் பழகுகிறார்' என்று அறிவிக்கும் வட்டமான காந்தத் தட்டைக் காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு முதல் ஞாயிறு லா சப்பலின் ரூ பிலிப்-து-ஜிரார் கடைத்தெருவில் வந்து நின்றோம். மரக்கறிக் கடைத் தம்பி வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணை, உயிர்க் காப்புறுதி எடுத்திட்டியளோ?"

"சிரி, சிரி. இன்னும் மூண்டு மாசத்திலை உன்ரை கடைக்குச் சாமான் ஏத்தப்போறது இவதான்."

"அக்கா, வரேக்கை ஒருக்கா போன் அடிச்சுச் சொல்லுங்கோ. நான் கடையைப் பூட்டிட்டு உள்ளுக்கை நிக்கிறன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிளச்சில் இருந்த இடக்காலை மட்டும் எடுக்கவில்லை.

ஞாயிறுதோறும் பியர்ஃபித்-சூர்-செய்ன் என்ற புறநகரில் இருக்கும் மச்சாள் வீட்டுக்குப் போய் வருவது என்று முடிவாயிற்று. மச்சாள் என் கணவரின் அக்கா. மழை வந்தால் போகத் தேவையில்லை என்று சனிக்கிழமையே வானத்தைப் பார்ப்பேன். மகளுக்குச் சளி பிடித்தால் நல்லது என்று நினைத்த சனிக்கிழமையும் உண்டு. அப்படி நினைத்துவிட்டேனே என்று பிறகு பத்துத் தடவை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அவளை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம்; அவளுடைய இருக்கை பின்னால், வலப்பக்கம், தகப்பனுக்கு நேர் பின்னே இருந்தது.

பெரிய வீதிகளில் விளக்குகள் இருந்தன. விளக்கு சொல்வதைச் செய்தால் போதும். என்னைப் பிடித்து உலுக்கியது பியர்ஃபித்தின் சின்னத் தெருக்கள்தான். அங்கே பல சந்திகளில் விளக்கும் இல்லை, பலகையும் இல்லை, கோடும் இல்லை. எதுவும் இல்லாவிட்டால் வலப்பக்கத்துத் தெருவிலிருந்து வருபவருக்கே முதலிடம். அந்தத் தெரு எவ்வளவு ஒடுங்கியதாக இருந்தாலும் நான்தான் நிற்க வேண்டும். புத்தகத்தில் அதற்கென்றே ஒரு அத்தியாயம் இருந்தது.

முதல் சந்தியில் வேகத்தைக் குறைத்தேன்.

"ஏன் அடக்கிறீர்? போம்," என்றார் என் கணவர்.

"வலப்பக்கம்..."

"நாங்கள் நேர போறம். அது குச்சொழுங்கை. அவங்கள்தான் நிக்கோணும். போம், போம்."

போனேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஞாயிறும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் ஞாயிறு வந்தபோது, புத்தகம் எழுதியவர்களை விட இவருக்குத் தெரியும் என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன். எப்படியும் என் பயத்தைப் பற்றித்தான் எல்லாரும் சொல்கிறார்களே. இதுவும் பயம்தான், விதியல்ல என்று எனக்கு நானே சொன்னேன்.

நான்காம் ஞாயிறு அதே சந்தியில் வலப்பக்கத்திலிருந்து ஒரு வெள்ளை வான் வந்தது. அதை நான் கண்டேன். அது தூரத்தில் வரும்போதே கண்டேன்.

"போம்!" என்றார்.

கால் தானாக அழுத்தியது. பிறகு டயர் தேயும் சத்தம். என் கால் பிரேக்குக்குப் போனது எப்போது என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தேன். வானின் முகப்பு விளக்கு மகளின் பக்கத்து ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்றது. விளக்கும் அவள் முகமும் ஒரே அளவாக, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவள் கையிலிருந்த பிஸ்கட் மடியில் விழுந்திருந்தது. அவள் அழவில்லை, என்னைப் பார்த்தாள்.

வான்காரர் கண்ணாடியை இறக்கி, கையால் தன் தெருவைக் காட்டிக் காட்டிக் கத்தினார். என் கணவரும் கத்தினார். கடைசியில் வான்காரர் தலையை ஆட்டிக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனார்.

"விசரன்," என்றார் என் கணவர். "நீரும் ஏன் இடையிலை நிண்டனீர்? ஒரே மூச்சிலை போயிருந்தால் கடந்திருக்கலாம்."

மச்சாள் கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தார். "என்ன பிள்ளை, வெளிறிப்போய் நிக்கிறாய்? இவன் கத்தினவனோ?"

"இல்லை மச்சாள்."

"நல்லா ஓடுறா அக்கா," என்றார் என் கணவர். "பயம் ஒண்டுதான்."

அவர் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அதனாலேயே என்னால் வாய் திறக்க முடியவில்லை. தேநீர் குடித்தேன். திரும்பி வரும்போது தலையிடி என்று சொல்லி அவரை ஓட்டச் சொன்னேன்.

ஆசிரியை பார்க்கும் நாள் வந்தது. அன்றைக்கு ஓட்டுநர் பள்ளிக் காரில் அவர் என் பக்கத்தில், என் கணவர் பின்னால். மகள் பள்ளியில். அரை மணித்தியாலம் நன்றாகவே போயிற்று. பிறகு ஆசிரியை ஒரு சின்னத் தெருவுக்குள் திரும்பச் சொன்னார். தூரத்தில் சந்தி தெரிந்தது. விளக்கில்லை, பலகையில்லை. வலப்பக்கம் ஒரு தெரு.

குறைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பின்பார்க்கும் கண்ணாடியில் என் கணவரின் நெற்றி தெரிந்தது. இங்கே நான் நின்றால், இத்தனை ஞாயிறும் அவர் சொன்னது பிழை என்று இன்னொருவர் முன்னால் சொன்னதாகிவிடும். இவ்வளவும் ஒரு கணத்தில் மனதில் ஓடியது. நான் குறைக்கவில்லை. ஆசிரியையின் பக்கத்திலிருந்த பிரேக் இறங்கியது. கார் குலுங்கி நின்றது. எங்களுக்கு முன்னால் ஒரு பெண் சைக்கிளில் வலப்பக்கத்திலிருந்து வந்து கடந்து போனார்.

"ஏன் வலப்பக்கம் பார்க்கவில்லை?"

"மறந்துவிட்டேன்," என்றேன்.

"அப்படியானால் உங்களைப் பரீட்சைக்கு அனுப்ப என்னால் முடியாது. இன்னும் சில வாரம் ஓடுங்கள்." பிறகு பின்னால் திரும்பி, சாதாரணமாகக் கேட்டார்: "மிசியூ, இந்தச் சந்தியில் யாருக்கு முதலிடம்?"

"எங்களுக்கு," என்றார் அவர். "நாங்கள் பெரிய வீதி."

"எத்தனை வருடமாக ஓட்டுகிறீர்கள்?"

"பதினொரு வருடம்."

"பதினொரு வருடமாக மற்றவர்கள் உங்களுக்காக நின்றிருக்கிறார்கள்," என்றார் ஆசிரியை. அவர் சிரிக்கவில்லை.

ஓட்டுநர் பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடந்தோம். லா சப்பல் மெட்ரோப் பாலத்தின் கீழ் வந்தோம். மேலே ரயில் போய் முடிந்ததும் என் கணவர் கேட்டார்.

"ஏன் மறந்துபோனன் எண்டு சொன்னனீர்? நான் சொல்லித்தந்தது எண்டு சொல்லியிருக்கலாம்தானே."

"நீங்கள் பின்னாலை இருந்தனீங்கள்."

"அப்ப உமக்கு முதலே தெரியுமோ?"

"ஓம். புத்தகத்திலை கிடக்கு."

அவர் நின்றார். அவமானப்பட்டிருப்பார், கத்தப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் இருந்தது பயம். அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"தெரிஞ்சுகொண்டோ அண்டைக்குப் பிள்ளையையும் வைச்சுக்கொண்டு போனனீர்?"

நீங்கள்தானே போகச் சொன்னீர்கள் என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் அவருக்கு விதி தெரியாது. எனக்குத் தெரியும். வீதியில் எல்லாருக்கும் பயந்த எனக்கு, பயப்பட வேண்டிய அந்த ஒரு இடத்தில் மட்டும் அவருடைய சொல்லைத் தட்டுவது வானை விடப் பெரிய பயமாக இருந்திருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. மகளின் பள்ளி விடும் நேரமாகிவிட்டது என்றேன்.

அடுத்த ஞாயிறு பியர்ஃபித்தின் அந்தச் சந்திக்கு வந்தபோது வேகத்தைக் குறைத்தேன். வலப்பக்கத்தை ஒரு லொறி மறைத்து நின்றதால் முழுதாக நிறுத்தினேன். பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. மறுபடி அடித்தது. என் கணவரின் கை முழங்காலிலிருந்து எழும்பியது.

"பின்னாலை அடிக்கிறான்..."

"அடிக்கட்டும். பாத்திட்டுப் போறன்."

பதினொரு வருடம் வீதியில் ஓடிய மனிதருக்கு நான் சொன்ன முதல் மறுப்பு அது. அவர் கையை மறுபடி முழங்காலில் வைத்தார். மெல்ல முன்னே நகர்ந்து எட்டிப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. இவ்வளவுக்கும் ஒருவரும் வரவில்லை என்று எனக்கு ஒரே வெட்கம்.

ஆசிரியை அடுத்த முறை சம்மதித்தார். பரீட்சையில் தேறினேன். வட்டத் தட்டைக் கழற்றி சிவப்பு 'A'யை ஒட்டியது என் கணவர்தான். கோணலாக இருக்கிறதா என்று மூன்று தரம் கேட்டார்.

பக்கத்து இருக்கை வெறுமையாக, மகளை மட்டும் பின்னால் இருத்திக்கொண்டு முதன்முதல் மச்சாள் வீட்டுக்குப் போனது ஒரு புதன்கிழமை மத்தியானம். அதே சந்தி. நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மகள் பொறுமையிழந்து காலால் இருக்கையை உதைத்தாள்.

"போம்," என்றாள், தகப்பனின் குரலில். "ஒருத்தரும் இல்லை அம்மா. போம், போம்."

"பொறு," என்றேன்.

வலப்பக்கம் பார்த்தேன். தெரு வெறுமையாகத்தான் இருந்தது. இன்னொரு தடவையும் பார்த்தேன்.