ஈச்சமரத்தில் குடியிருந்தவர்கள்

மரம் வெட்டும் தொழிலில் பாதி நேரம் மேலே பார்த்துப் பயப்படுவதிலும், மீதி நேரம் கீழே நிற்பவர்களிடம் திட்டு வாங்குவதிலும் போகும். மழைக்காலத்தில் மும்பையில் பிழைக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மஞ்சள் தொப்பிக்காரர்கள்

செம்பூரில் ஒரு அடுக்குமாடி சொசைட்டி. பின்சுவரை ஒட்டி ஈச்சமரம், வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. சுவர் தாண்டினால் சாக்கடை ஓடும் நாலா, நாலாக்கரையில் செல்வியின் தகர வீடு. விழுந்தால் அதன்மேல்தான். வெட்ட அனுமதி வந்ததும் என் ஆள் முருகேசன் ஏறினான், பாதியில் நின்றுவிட்டான். ஓலை நுனிகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் சுரைக்காய் மாதிரி தொங்கின. மஞ்சள் தொப்பியும் கறுத்த முகமுமாக ஆண்குருவிகள் அவனைச் சுற்றிக் கத்தின. பெட்டைகள் சிட்டுக்குருவி நிறத்தில், கண்ணில் படாமல் கூட்டுக்குள் போய் வந்தன.

"வெட்டுலே, மழை வருது!" என்றேன்.

"உள்ள குஞ்சு கத்துது அண்ணாச்சி. நான் அருவா வைக்க மாட்டேன்."

செல்வியின் கேள்வி

குஞ்சுகள் பறக்கும்வரை மரத்தை வடம் போட்டு காம்பவுண்டு அரசமரத்தோடு இழுத்துக் கட்டலாம் என்றேன். "விழுந்தா பதில் சொல்றது நீதான்" என்று சொசைட்டி செக்ரெட்டரி மாமா ஜன்னலைச் சாத்திக்கொண்டார். செல்வியிடம் போனேன். இடுப்பில் கைக்குழந்தை. மழை வலுத்தால் இருவரையும் கோவண்டியில் அவள் அக்கா வீட்டில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு என்றேன். வடத்தையும் குருவிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி, கட்டுங்க. ஆனா கயிறு அறுந்தா பெரிய குருவி பறந்துரும். எம் புள்ளைக்குப் பறக்கத் தெரியுமா?"

அன்றே வடத்தை இழுத்துக் கட்டினோம்.

காலிப் பக்கம்

காற்றுப் பிடிப்பு குறையட்டும் என்று, கூடில்லாத மேற்குப் பக்க ஓலைகளைக் கழித்தோம். காலிப் பக்கம் என்றால் எங்கள் கை தானாகப் போய்விடும். மறுநாள் கடற்காற்று வீசியது. கூடுகள் பேயாட்டம் ஆடின. அப்போதுதான் உறைத்தது. காற்றுக்கு மறைவாக இருக்கட்டும் என்றுதான் கிழக்குப் பக்கம் கட்டியிருக்கின்றன, அந்த மறைப்பையே வெட்டித் தள்ளிவிட்டோம்! படுதா கட்டினால் அதுவே காற்றை வாங்கி மரத்தைச் சாய்த்துவிடும். செல்வியையும் குழந்தையையும் ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பிவிட்டு நனைந்துகொண்டு நின்றோம். ஒரு கூடு விழுந்தது. பதறி ஓடி எடுத்தேன். பாதி கட்டிய கூடு. உள்ளே அப்பிய களிமண்தான் இருந்தது, குஞ்சு இல்லை.

"நம்ம கூரையை ஒருத்தன் உருவிட்டு, மழையில கெடன்னா கெடப்போமா அண்ணாச்சி?" என்றான் முருகேசன்.

மறுபடியும் பாதிக்கூடு

வடம் தாங்கியது. குஞ்சுகள் பறந்த செய்தி கேட்டு அரிவாளோடு போனால், ஆண்குருவிகள் அதே மரத்தில் ஓலையைக் கீறிப் புதிதாகப் பின்னிக்கொண்டிருந்தன! பாதிக்கூட்டைப் பெட்டை வந்து பார்த்து, பிடித்தால்தான் ஆண் அதை முடிக்கும், பிறகுதான் முட்டை. இன்று விட்டால் எல்லாம் முதலிலிருந்து. முருகேசன் ஏறி ஒவ்வொரு கூட்டிலும் விரல் விட்டுப் பார்த்து, காலி என்று கையசைத்தான். ஆனாலும் அரிவாளை எடுக்கவில்லை. கோவண்டியிலிருந்து திரும்பியிருந்த செல்விதான் சொன்னாள்.

"இன்னும் குடி வரலல்லா? இப்பமே வெட்டிருங்க அண்ணாச்சி. வந்துட்டா எனக்கே மனசு வராது."

அன்றே மரத்தை வெட்டி இறக்கினோம்.

வெட்டப் போன மரத்துக்கு ஒரு மழை முழுக்கக் காவல் இருந்ததுதான், இந்தத் தொழிலில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த ஒரே வேலை.