அத்தைக்கு ஒன்ஸ்மோர்

இன்று மாலை டிவியில் இசை நாடகம். விளம்பரத்தில் வந்த ஆர்மோனியச் சத்தம் என்னை எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூருக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நான் சிறுவனாக இருந்தபோது ஒருநாள், என் அத்தை ராஜா வேஷம் கட்டிய நாடகம் முதல்முறையாக டிவியில் வந்தது. "பொம்பளைக்கு எதுக்கு மீசை?"னு அதுவரை முணுமுணுத்த தெரு, மதியத்திலிருந்தே, டிவி இருந்த ஒரே வீடான காதர் பாய் வீட்டில் மல்லாட்டை உரித்துத் தின்றபடி காத்திருந்தது. அத்தை பாடி முடித்ததும், நாடகக் கொட்டகைப் பழக்கத்தில் எல்லோரும் "ஒன்ஸ்மோர்!" என்று கத்திவிட்டோம்.

"டிவிக்குக் காது கேக்குமா?" பாய் சிரித்தார்.

பெட்டிக்குள் அத்தை மீசையை நீவினாள். கும்பிட்டாள். அதே பாட்டை முதலிலிருந்து எடுத்தாள். படம்பிடித்த இடத்திலும் ஜனங்கள் கத்தியிருப்பார்கள் என்று பிறகுதான் தோன்றியது. அன்றைக்கு முதல் விசில் அடித்ததே பாய்தான்.

இன்றைக்கும் ஒன்ஸ்மோர் கேட்பேன் என்றதும் மகள் சிரிக்கிறாள். "டிவிக்குக் கேக்குமாப்பா?"

"எங்க அத்தைக்குக் கேட்டுச்சேம்மா!"