குருசடி மேட்டைக் கணக்கில் சேர்க்கப் போன கதை

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் அவசரபுத்தி. 2014 பிப்ரவரியில், குமரி மாவட்டக் கடற்கரை ஊர்கள் சிலவற்றின் குடிநீர்க் குழாய்களைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் வேலை என்னிடம் இருந்தது. எந்தப் பம்பை எங்கே வைத்தால் எல்லாத் தெருவுக்கும் நீர் எட்டும் என்று மூவாயிரம் விதமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு ஓட்டத்துக்கு ஒன்றரை நிமிடம், ஆக மொத்தம் மூன்று நாள். அவ்வளவு பொறுமை எனக்கு ஏது? சந்துகளில் போகும் சின்னக் குழாய்களை எல்லாம் அழித்துவிட்டு, அந்த வீடுகளின் தேவையைச் சாலை முனையில் மொத்தமாகச் சேர்த்தேன். ஐந்து மணி நேரத்தில் வேலை முடிந்தது. அலுவலகத்தில் என்னைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

திங்கள் காலை பத்து மணிக்கு அறிக்கை போக வேண்டும். வெள்ளியன்று கோப்பைப் புரட்டியபோது ஒரு மனு கண்ணில் பட்டது. குளச்சலுக்கு மேற்கே ஒரு மீனவர் ஊர். அங்கே குருசடி மேட்டில் பத்தொன்பது வீடுகளுக்கு ஏழு மாதமாகத் தண்ணீர் இல்லையாம். (குருசடி என்றால் சிலுவை நாட்டிய சிறு ஆலயம்.) என் கணக்கிலோ அந்த ஊர் முழுக்கத் தண்ணீர் வருகிறது, புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். மனுவில் முதல் கையெழுத்துப் போட்டிருந்த ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் செய்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள், காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரைதான் திறந்துவிடுவார்கள், நாளைக்கு முறை என்றார். அன்று மாலையே சென்னையில் ரயிலேறினேன். ஸ்லீப்பர், 375 ரூபாய்.

சனி காலை 6.20க்கு நாகர்கோவில். கோட்டாறில் புட்டு, பயறு, மட்டிப்பழம், சாயா எல்லாம் சேர்த்து 38 ரூபாய். மட்டி என்பது இந்தப் பக்கத்துச் சின்ன வாழைப்பழம், தவறவிடாதீர்கள். பஸ்ஸில் போனால் எட்டரையைப் பிடிக்க முடியாது என்பதால் மதியம் வரை ஆட்டோ பேசினேன், 700 ரூபாய். ஓட்டுநர் சாகுல், துபாயில் எட்டு வருடம் லாரி ஓட்டியவர். என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் குழாயை வழி நெடுகச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

8.15க்கு ஊர் முனையில் ஸ்டெல்லா அக்கா நின்றிருந்தார். மீன் விற்கப் போகிறவர், எனக்காக ஒருநாள் சந்தையை விட்டிருந்தார். எட்டரைக்குச் சாலையோரக் குழாயில் அழுத்தமானியை மாட்டினேன். ஏழு மீட்டர் உயரத்துக்கு நீரைத் தள்ளும் அழுத்தம் இருந்தது, என் கணக்குக்கு அச்சு அசலாக. அடுத்து மேட்டின் உயரம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் குழாய்தான் என் பையில் இருந்தது. பாட்டில் தண்ணீரை அதில் ஊற்றி, ஒரு முனையை அக்காவிடம் கொடுத்தேன்.

"வெள்ளம் வராத மேட்டுக்கு வெள்ளத்தக் கொண்டாந்து அளக்கியளா சாரே? நல்ல கூத்து." (குமரியில் தண்ணீரை வெள்ளம் என்பார்கள்.)

படிப்படியாக அளந்து ஏறினோம். உச்சியில் ஒன்பது மீட்டர். பொதுக்குழாயைத் திறந்தேன். காற்றுகூட வரவில்லை.

அழித்த கதையை மறைக்க மனம் வரவில்லை. "அக்கா, வேகமா கணக்குப் போடணும்னு உங்க பத்தொன்பது வீட்டையும் கீழ ரோட்டுல வச்சுட்டேன்" என்றேன்.

"அப்பம் கம்ப்யூட்டர்ல எனக்க வீட்டுல வெள்ளம் வருது, இல்லியா?"

"வருது."

"நல்லா இருங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவமானமாக இருந்தது.

இந்த மேட்டைச் சேர்க்காமல் அறிக்கை போகாது என்று அங்கேயே முடிவு செய்தேன். ஆனால் அழித்ததை எல்லாம் திரும்பச் சேர்த்தால் மறுபடி மூன்று நாள் ஓடும், திங்கள் தாண்டிவிடும். மற்ற சந்துகளையாவது பார்த்துவிடலாம் என்று ஆட்டோவில் ஏறினேன். ஒவ்வொன்றும் முட்டுச்சந்து. சாகுல் ஏழாவது தடவை ரிவர்ஸ் எடுத்தார்.

"கஷ்டமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இதுல என்ன சார் கஷ்டம்? டவுண்லதான் எந்த ரோட்டப் பிடிக்கன்னு மண்டை காயும். இஞ்ச ஒரே வழி. போன வழியே வரணும். யோசிக்கவே வேண்டாம்."

எனக்குப் பொறி தட்டியது. கணினிக்கு நேரம் பிடிப்பது வளையமாகச் சுற்றிவரும் குழாய்களில்தான். எந்தப் பக்கம் எவ்வளவு நீர் போகும் என்று ஊகித்து, திருத்தி, மறுபடி ஊகிக்க வேண்டும். முட்டுச்சந்தில் ஊகிக்க என்ன இருக்கிறது? கடைசி வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் நீரின் அளவு தெரிந்துவிடும். வளையங்களை மட்டும் ஓட்டிவிட்டு, பிறகு ஒவ்வொரு சந்தாக ஏறி அழுத்தத்தைக் கணக்கிட்டால் போதும். ஒரு வீட்டைக்கூட அழிக்க வேண்டாம்.

பிற்பகல் ஒரு மணிக்கு நாகர்கோவில் லாட்ஜில் (நாளுக்கு 450 ரூபாய்) உட்கார்ந்து நிரலை மாற்றினேன். மறுநாள் ஓடி முடிக்க ஐந்து மணி நேரம் நாற்பது நிமிடம் ஆனது. பத்து ஓட்டங்களை மட்டும் எதையும் அழிக்காத பழைய முறையிலும் ஓட்டி ஒப்பிட்டேன், தசமம்கூட மாறவில்லை. ஆனால் முன்பு முதலிடம் பிடித்த திட்டத்தில் குருசடி மேடு காய்ந்து கிடந்தது. மேட்டடியில் சின்னப் பம்பு வைக்கும் திட்டம் ஒன்றுதான் எல்லா வீட்டுக்கும் எட்டியது.

மேலதிகாரி போனில் கேட்டார்: "பத்தொன்பது வீட்டுக்காக முதலிடத்தையே மாத்தணுமா?"

"மாத்தணும் சார். அந்த வீடுகள அழிச்சது நான்தான்."

திங்கள் காலை 9.40க்கு மின்னஞ்சலில் அறிக்கை போனது, குருசடி மேட்டைப் பற்றித் தனியாக ஒரு வாக்கியத்தோடு.

இதுபோன்ற கள ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு: தண்ணீர் திறக்கும் நாளை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். போனில் காட்டும் உயரத்தை நம்பாதீர்கள், பத்து மீட்டர் மட்டக்குழாய் 120 ரூபாய்தான். கூட ஒரு ஆள் வேண்டும். எதையாவது சுருக்கி வேகம் பிடித்திருந்தால், சுருக்கிய இடத்துக்கு முதலில் போய்ப் பாருங்கள்.

அடுத்த வருடம் ஒரு காலை 8.50க்கு ஸ்டெல்லா அக்காவிடமிருந்து போன். பின்னால் ஒரே கூச்சல். குடம் உருளும் சத்தம் கேட்டது.

"வெள்ளம் வந்துட்டு சாரே. இப்பம் யாரு முதல்ல பிடிக்கதுன்னு சண்டை. பொறுங்க, எனக்க குடத்த எவளோ தள்ளி வைக்கா..."

போனை எங்கேயோ வைத்துவிட்டு ஓடிவிட்டார். நான் துண்டிக்கவில்லை. நான்கு நிமிடம் அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.