மணிகண்டன் கிளார்க்கின் ராஜாங்கம்

"உங்கள் ஓய்வு பெறும் தேதி கடந்துவிட்டது."

முன்னறையிலிருந்து அந்தக் குரல் கேட்டபோது மாரீஸ்வரி அடுக்களையில் சுடுதண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டிருந்தாள். பகல் முழுக்கத் தேயிலைக் கொழுந்து கிள்ளிக் கறைபிடித்த விரல்கள். குரல் ஒரு பெண்ணின் குரல். நிதானமாக, கனிவாக, எழவு சொல்ல வந்தவள் மாதிரி பேசியது.

"ஏ கோமதி, யாருக்குடி சொல்லுது?"

"ஒனக்குத்தான்க்கா. லீவு எத்தன பாக்கின்னு கேக்கத்தான ஒன் நம்பரப் போட்டேன்? அது என்னமோ ஒளறுது."

பக்கத்து வீட்டுக் கோமதி போனை மறுபடி அமுக்கினாள். மறுபடியும் அதே கனிவு. கூடவே இன்னொரு வரி: எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டை ஒப்படைப்பதற்கான நோட்டீஸ் தயாராகிக்கொண்டிருக்கிறதாம்.

மாரீஸ்வரி ஈரக் கையோடு ஓடி வந்தாள். அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. புருஷன் இல்லை. மகள் கோட்டயத்தில் நர்ஸிங் படித்துக்கொண்டிருக்கிறாள். வேலை இருக்கும்வரைதான் லயத்தில் வீடு. வேலை போனால் அடுத்த மழைக்கு எந்தக் கூரையின் கீழ் நிற்பாள்? 

மூணாறுக்கு மேலே இருக்கும் அந்த எஸ்டேட்டில் இந்தக் குரல் வந்து சில நாள்தான் ஆகிறது. எஸ்டேட் ஆபீசில் ஒரு பழைய கம்ப்யூட்டர் நிரல் உண்டு. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அதை எழுதிக் கொடுத்த கம்பெனி எப்போதோ இழுத்து மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் தொழிலாளிகளின் லீவு, வயது, சர்வீஸ், பி.எஃப். எல்லாம் அதற்குள்தான் கிடந்தன. தொடுபுழாவிலிருந்து ஜோமோள் என்ற எஞ்சினியர் பெண் வந்தாள். பழையதை உடைக்கவில்லை, ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. ஏஐ உதவியாளர்கள் எந்தப் பழைய நிரலோடும் பேசிக்கொள்ள இப்போது பொதுவான முறை ஒன்று இருக்கிறது. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத, யார் வேண்டுமானாலும் எடுத்தாளக்கூடிய முறை. அதன்படி நடுவில் ஒரு சின்னப் பாலம் போட்டாள், அவ்வளவுதான். கொழுந்துக்காரிகள் தங்கள் போனிலேயே தமிழில் கேட்டார்கள். பச்சை எழுத்து தமிழில் பதில் சொன்னது. அதற்கு 'ஆபீஸ்க்கா' என்று பேரும் வைத்துவிட்டார்கள்.

அதுவரைக்கும் அந்தத் திரைக்கு ஒரே ஒரு பூசாரிதான். மணிகண்டன். மாரீஸ்வரியின் கூடப் பிறந்த அண்ணன்.

அடடா, என்ன ஒரு ராஜாங்கம் அது! மழையில் நனைந்தபடி பெண்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நிற்பார்கள். உள்ளே ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். பிறகு டீ குடிப்பார். பிறகு ஒரு விரலால் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, "சிஸ்டம் ஸ்லோ, நாளைக்கு வா" என்பார். சிஸ்டத்துக்கு ஒரு கேடும் இல்லை. இரண்டு நிமிஷ வேலையை இரண்டு நாள் இழுத்தால்தான் தனக்கு மரியாதை என்று எண்ணிய பிறவி அது. அவனுக்குத் தெரிந்தது மொத்தமும் ஏழெட்டுப் பொத்தான்கள். அந்த ஏழெட்டை வைத்துக்கொண்டு ஒரு மலையையே கைகட்டி நிற்க வைத்தான்.

பெற்றவளையும் விட்டுவைக்கவில்லை. மூக்கம்மாள் கூடை சுமந்து, கூன் விழுந்து, அவனைக் கல்லூரிவரை அனுப்பினாள். அவளும் அந்த வரிசையில்தான் நின்றாள். "எய்யா மணி" என்று கூப்பிட்டவளை, நாலு பேர் பார்க்க, "ஆபீஸ்ல சாருன்னு சொல்லணும்" என்று திருத்தினான். கிழவி அழவில்லை. "சரிங்க சார்" என்றாள். பின்னால் கூடையோடு நின்ற மாரீஸ்வரிதான் அழுதாள். அன்றைக்கே அவனோடு இருந்த ஒட்டும் உறவும் அவள் மனசில் செத்துப்போயிற்று.

மூக்கம்மாள் ஓய்வு பெற்றபோது தொழிலாளர் பதிவேட்டில் அவளுக்கிருந்த செக்ரோல் நம்பர் மகளுக்கு வந்தது. அது அங்கே வழக்கம். தாயின் நம்பர் மகளுக்கு, மாமியாரின் நம்பர் மருமகளுக்கு. நம்பரோடு வேலையும் வீடும் கைமாறும். பழைய நிரலிலோ, ஒரு நம்பருக்கு ஒருமுறை ஏற்றிய பிறந்த தேதியை மாற்ற வழி கிடையாது. மணிகண்டன் பேரை மட்டும் மாற்றி அடிப்பான். முகத்தைப் பார்த்துக் கணக்குச் சொல்லும் வரைக்கும் அதனால் யாருக்கும் குறை வரவில்லை. ஆபீஸ்க்காவுக்கு முகம் தெரியாதே! அதன் கணக்கில் மாரீஸ்வரி எண்பதை நெருங்கும் கிழவி.

"அது எங்கம்மா வயசு! நம்பருதான் அவளோடது. எனக்கு நாப்பத்து நாலு!" என்று போனைப் பார்த்துக் கத்தினாள் மாரீஸ்வரி.

"நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். பதிவைத் திருத்த எனக்கு அனுமதி இல்லை. என்னை அமைத்த எஞ்சினியருக்கும் எஸ்டேட் ஆபீசுக்கும் அனுப்புகிறேன்."

கோமதியின் முகம் வெளுத்தது. "அக்கா, என் நம்பரும் எங்க மாமியாளோடதுதான?"

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். தன் நம்பரைப் போட்டுப் பார்க்கத் துணிவு வரவில்லை.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. வாசலில் ஸ்கூட்டர் நின்றது. பல வருஷமாக லயத்துப் பக்கமே தலைகாட்டாத மகராசன், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, செருப்போடு உள்ளே வந்தான்.

"ஏ மாரி, மெசேஜ் ஆபீசுக்கு வந்துச்சு. பாத்தேன்."

"ஒக்காருங்க கிளார்க்கு சார். இங்கயும் சிஸ்டம் ஸ்லோதான்" என்றாள் கோமதி.

"நீ வாய மூடு." நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தான். "பயப்படாத மாரி. அண்ணன் இருக்கேன்ல? ஒரு காரியம் செய்யி. நாளைக்கிக் காலைல, வேலைக்கி ஆள் எண்ணுற மஸ்டர்ல பொம்பளைங்க எல்லாரையும் கூட்டு. மிஷின் பொய் சொல்லுது, எங்க வீட்டப் புடுங்குது, எங்களுக்குப் பழையபடி கிளார்க்கு சார்தான் வேணும்னு மானேஜர் தொரைகிட்ட சத்தம் போடுங்க. மிஷினத் தூக்கிருவாங்க. ஒன் விஷயத்த நான் கமுக்கமா முடிச்சிருவேன்."

மாரீஸ்வரி அவனையே பார்த்தாள். "நம்பர் கைமாறுற கதைய அந்த எஞ்சினியர் பிள்ளகிட்ட நீ சொல்லலியா?"

"கேட்டா. கணக்குல எதாச்சும் சரியில்லாம இருக்கான்னு. என் கையால ஏத்துனது, அப்பழுக்கில்லன்னு சொன்னேன். நான் எதுக்குச் சொல்லணும்? கவுந்து விழட்டும்னு விட்டேன்."

"விழுந்தது எங்க தலைமேலல்லாண்ணே?"

அவன் தோளைக் குலுக்கினான். "மாட்டேன்னா போ. ஒனக்குப் பொறந்த சர்டிபிகேட் இருக்கா? லயத்துல பொறந்தவளுக்கு ஏது? ஆதார்ல இருக்கறதும் நீ வாயால சொன்ன வயசுதான், செல்லாது. அம்மா போனப்புறம் ஒன் வயசுக்குச் சாட்சி நான் ஒருத்தன்தான். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னா, சட்டி பானையத் தூக்கிட்டு நடக்க வேண்டியதுதான்."

கூடப் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது! கோமதி காறித் துப்ப இடம் தேடினாள். மாரீஸ்வரியின் கண்ணுக்குள் மகள் நின்றாள், வெள்ளைக் கோட்டுப் போட்டபடி. தலையை ஆட்டினால் போதும், வீடு மிஞ்சும். ஆட்டினால் மறுபடியும் அந்த ஜன்னல், அந்த மழை, அந்த ஒற்றை விரல். அவள் மகளுக்காகச் 'சரி' என்று சொல்ல வாயைத் திறக்கப் போனாள்.

அந்த நேரம் பார்த்துக் கோமதியின் இடுப்பில் போன் அடித்தது.

"சேச்சி, ஞான் ஜோமோள். மாரீஸ்வரிச் சேச்சி பக்கத்துல உண்டா? அவங்க அனுப்பினது பார்த்தேன். நம்பர் அம்மாவோடதுன்னா என்ன அர்த்தம்? எனக்கு மனசிலாகலை. மணிகண்டன் சார் எல்லாம் கரெக்ட்னு சொன்னாரே?"

கோமதி ஸ்பீக்கரைப் போட்டாள். மாரீஸ்வரி எட்டிப் போனை வாங்கினாள்.

"சாரு இங்கதான் இருக்காரு மோளே. நீயே கேளு."

போனை அவன் முகவாய்க்கட்டைக்குக் கீழே நீட்டினாள். சாட்சி ஒருத்தன்தான் என்றானே, ஒரே வார்த்தையில் கைவிரித்திருக்கலாம். ஆனால் மணிகண்டனின் பிறவிக்குணம் அவனை விடவில்லை. தனக்குக் கீழே உள்ளவர்களிடம் புலி. தனக்கு மேலே ஒரு குரல் கேட்டால் அவன் முழங்கால் தானாக நிமிரும். மகள் வயசுப் பெண்ணின் குரலுக்கு, அதுவும் போனுக்குள் இருக்கும் குரலுக்கு, நாற்காலியை விட்டு எழுந்து நின்றான். கைக்குட்டை கீழே விழுந்தது.

"எஸ் மேடம்."

"சார், பிறந்த தேதி வேற ஆளோடதா?"

"எஸ் மேடம். அது... இவங்க அம்மாவோடது மேடம். பேரு மட்டும்தான் மேடம் மாத்துவேன். தேதிய சிஸ்டம் ஏத்துக்காது."

"இவங்க ஒருத்தர் மட்டுமா?"

"இல்ல மேடம். நெறயப் பேரு இருக்காங்க மேடம்."

மறுமுனையில் எதையோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு ஜோமோள் சொன்னாள்: "சார், இதை நான் கேட்டப்போ நீங்க சொல்லியிருக்கணும். நாளைக் காலையில வர்றேன். நம்பர் மாறினவங்க எல்லாரையும் நீங்க பக்கத்துல இருந்து சொல்லணும். மானேஜரும் இருப்பார். நோட்டீஸை இப்பவே நிறுத்தி வைக்கிறேன். சேச்சி, பேடிக்கண்டா, பயப்படாதீங்க."

போன் அணைந்தது. மணிகண்டன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். பேசிவிட்ட பிறகுதான், தான் என்ன பேசினோம் என்பது அவன் மண்டையில் ஏறியது போலும்.

"சொந்த அண்ணனக் காட்டிக் குடுத்துட்டியே மாரி!" குரல் தழுதழுத்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் குரலில் ஈரம் வந்தது இதுதான் முதல் தடவை. அதுவும் தனக்காக. "இனிமே ஆபீஸ்ல எனக்கு என்ன வேல இருக்கு? நான் என்ன செய்வேன்?"

"என்கிட்டயா வேல கேக்குற? கூடையத் தூக்க முடியுமா ஒன்னால? செடியக் கவாத்து வெட்டத் தெரியுமா? ஒரு கொழுந்து கிள்ளத் தெரியுமா?" மாரீஸ்வரி கத்தவில்லை. பல்லி விழுந்த பாலைக் கீழே ஊற்றுகிறவள் மாதிரி அமைதியாகச் சொன்னாள். "கெளம்பு."

"ஒரு டீத்தண்ணிகூட..."

"கெளம்புண்ணே."

அவன் வெளியே போய் ஸ்கூட்டரை உதைத்தான். அது கிளம்பவில்லை. தள்ளிக்கொண்டு இறக்கத்தில் நடந்தான். பக்கத்து வீடுகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. ஒருத்தியும் வணக்கம் வைக்கவில்லை.

மாரீஸ்வரி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.