முற்பகல் கட்டம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புகள், இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் தலைமையாசிரியர். மற்றவர் என் அம்மா. அம்மா போராட்டத்துக்குப் போனதும் ஐந்து வகுப்பும் தலைமையாசிரியர் தலையில் விழுந்தன. ஓய்வுக்கு நெருங்கியிருந்த மனிதர். பழைய சம்பள விகிதத்தில் இருந்ததால் இந்தப் போராட்டம் அவருடையதல்ல. எங்களை வாய்ப்பாடு சொல்ல விட்டுவிட்டு, வாசலில் நின்று பாப்பாரப்பட்டி சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

என்ன போராட்டம் என்று ஒருநாள் கேட்டேன். நான் அப்போது நான்காம் வகுப்பு.

"நம்ம தக்காளிக் காட்டுல ரெண்டு பேரு ஒண்ணா பறிக்கிறாங்க. போன வருஷம் வேலைக்கு வந்தவளுக்கு ஒரு கூலி, இந்த வருஷம் வந்தவளுக்கு அதுல பாதின்னு ஒங்கப்பா குடுத்தா சும்மா விடுவாங்களா?" என்றாள் அம்மா.

"அந்தத் தக்காளிக்கே வெல இல்ல, என்னை எதுக்கு இழுக்கிற?" என்றார் அப்பா. அந்த வருடம் பறிகூலிக்குக்கூடக் கட்டுபடியாகாமல் பழத்தைச் செடியிலேயே விட்டிருந்தோம். வீடு அம்மாவின் சம்பளத்தில் ஓடியது.

ஊரில் எல்லோருக்கும் இது புரிந்ததாகச் சொல்ல முடியாது. பேருந்து நிறுத்தத்தில் டீக்கடைக்காரர் அம்மாவிடமே கேட்டார்: "ஏங்க டீச்சர், ஒங்களுக்கே பத்தலன்னா நாங்கல்லாம் கல்லத்தான் திங்கணுமா?" அம்மா சிரித்துக்கொண்டே பேருந்தில் ஏறினாள். தருமபுரியில் போராட்டப் பந்தலுக்குள் நுழைந்ததும் அங்கிருந்த நோட்டில் பெயருக்கு நேரே கையெழுத்துப் போடவேண்டும். வேலையை நிறுத்தியவர்களும் வருகைப் பதிவேட்டை நிறுத்தவில்லை. எங்கள் ஒன்றியத்துக்கு அந்த நோட்டு அம்மாவின் பொறுப்பில் இருந்தது. தயங்கிய ஆசிரியைகளைப் போனில் கூப்பிட்டுப் பந்தலுக்கு வரவைத்ததும் அவள்தான்.

இரண்டாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை எல்லோருடைய போனுக்கும் ஒரு செய்தி வந்தது. திங்கள் காலை பத்து மணிக்குள் பள்ளியில் கையொப்பமிடாதவர்களின் பணியிடம் காலியானதாகக் கருதப்படும்; தற்காலிக ஆசிரியர் நியமிக்கப்படுவார். அன்று மாலையே பக்கத்துத் தெருவுக்கு மருமகளாக வந்திருந்த ஒருத்தி, ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள், சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனாள்.

திங்கள் காலை அப்பா அம்மாவை வாசலிலேயே மறித்தார்.

"பள்ளிக்கூடம் போயி ஒரு கையெழுத்தப் போடு. அப்பறம் எங்க வேணா போ."

"நான் போட மாட்டேன்னுதான் அவங்கல்லாம் போடாம இருக்காங்க. அந்த மொரப்பூர் பொண்ணு சேந்து ரெண்டு வருஷம் ஆகல, என்னை நம்பி வந்து ஒக்காந்திருக்கு."

"அந்தப் பொண்ணா நம்ம வூட்டுக்கு அரிசி வாங்கிப் போடும்?"

இந்தப் பேச்சில் முதல் பேருந்து போய்விட்டது. அடுத்த பேருந்தைப் பிடிக்க அம்மா வேகமாக நடந்தாள். அப்பா காட்டுப் பக்கம் போனார். நான் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அம்மாவுக்கு வேலை போகப் போகிறது என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

தலைமையாசிரியரின் மேசையில் பதிவேடு திறந்திருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கட்டம், முற்பகல், பிற்பகல். தலைமையாசிரியரின் வரிசை நிறைந்திருந்தது. அதற்குக் கீழே அம்மாவின் வரிசை இரண்டு வாரமாக வெறுமையாக இருந்தது. பத்து மணிக்கு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும் என்று சத்துணவு அமைப்பாளரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் முட்டைக் கணக்கு சரியில்லை என்று கூப்பிட, இருவரும் சமையற்கூடத்துக்குப் போனார்கள்.

சுவர்க் கடிகாரத்தில் பத்துக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

அம்மாவின் கையெழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் மதிப்பெண் அட்டையில் வகுப்பாசிரியர் என்ற இடத்திலும் அம்மாதான் போடுவாள், பெற்றோர் என்ற இடத்திலும் அம்மாதான் போடுவாள். முதலெழுத்தின் சுழி, நடுவில் ஒரு குன்று, கடைசியில் கீழே இழுக்கும் கோடு. மேசைமேல் இருந்த பேனாவை எடுத்துத் திங்கட்கிழமையின் முற்பகல் கட்டத்தில் போட்டேன். கோடு மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டது.

தலைமையாசிரியர் திரும்பி வந்தார். பதிவேட்டைப் பார்த்தார். பிறகு என் விரலைப் பார்த்தார். அதில் மை இருந்தது. பேனாவுக்கு மூடி போட்டுச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"போயி ரெண்டாங் கிளாஸ் பசங்கள சத்தம் போடாம பாத்துக்க" என்றார்.

நான் கதவைத் தாண்டும்போது அவருடைய போனிலிருந்து படம் எடுக்கும் சத்தம் கேட்டது.

பணிக்குத் திரும்பியவர்களின் பட்டியல் மதியத்துக்குள் போன் போனாகச் சுற்றியது. பந்தலில் யாரோ அதை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அம்மாவின் பெயர் வந்தபோது அம்மா முதல் வரிசையில், மடியில் அந்த நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். அன்று அவள் தாமதமாக வந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பள்ளியில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று நம்ப அது போதுமானதாக இருந்தது. நோட்டை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அன்று மாலை ஐந்தரைக்கு அம்மா வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே, "யாரு போட்டது?" என்றாள்.

"நான்தாம்மா. பத்து மணிக்கு முன்னாடியே போட்டுட்டேன்."

அடிப்பாள் என்றுதான் அப்பாவும் நினைத்து என்னைத் தன் பக்கம் இழுத்தார். அவள் அடிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பொய்க் கையெழுத்துன்னு எழுதிக் குடுத்துடறேன்" என்றாள்.

"குடு. படம் அனுப்புனவரு யாரு? மொதல்ல அவரத்தான் புடிப்பாங்க. இன்னும் நாலு மாசத்துல ரிட்டையர் ஆவற மனுசன். அப்பறம் புள்ளயக் கூப்பிட்டு விசாரிப்பாங்க" என்றார் அப்பா.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. மொரப்பூர் டீச்சர் தன் தம்பியின் வண்டியில் வந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"எங்க ஸ்கூலுக்கு நாளைக்கே வேற ஆளு வராங்களாம்க்கா" என்றாள். "காலைல ஒம்பதரைக்கு எங்கம்மா கால்ல வுழாத கொறயா கெஞ்சுனாங்க. அக்கா போடமாட்டாங்க, நானும் போடமாட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பந்தல்லயும் ஒரு கையெழுத்து, ஸ்கூல்லயும் ஒரு கையெழுத்து. எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல."

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவள் கை பின்னால் வந்து, என்னை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளியது.

"பயமா இருந்திச்சு. அதான் போட்டுட்டேன்" என்றாள்.

மொரப்பூர் டீச்சர் அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய் வண்டியில் ஏறினாள். பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

எனக்கு அன்று ஆத்திரமாக வந்தது. பன்னிரண்டு நிமிடத்தில், யாரும் சொல்லாமல், அம்மாவின் வேலையைக் காப்பாற்றியது நான். அதைத் தான் செய்ததாக அவள் சொல்லிக்கொண்டாளே என்று அன்றிரவு நான் அம்மாவோடு பேசவில்லை.