பனிக்குள் கூப்பிடு தூரம்

எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோன நான், இன்னொருவருடைய தனிமையை எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சே வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்ற தைரியம்தான்.

எண்பதுகளில் மலைமேல் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தேன். ஆளுக்கு ஒரு வரிசைச் செடி. மார்கழியில் பனி இறங்கினால் அடுத்த வரிசை தெரியாது. காட்டெருமை வரும் இடம். அதனால் பெண்கள் அவ்வப்போது "ஊய்" என்று குரல் கொடுப்பார்கள். பக்கத்து வரிசைக்காரர் பதில் குரல் கொடுக்க வேண்டும். இன்றைக்கும் பனி இறங்கினால் என் காது அதைத் தேடுகிறது.

எனக்கு அடுத்த வரிசையில் கணவரை இழந்த ஒரு அக்கா. அவருக்கு அந்தப் பக்கம் அவர் மகள். மகள் கல்யாணமாகி அடிவாரத்துக்குப் போன வருஷம், அந்த வரிசைக்கு வேறு ஆள் வரவில்லை; அக்கா செடிக்குச் செடி கூவினார்.

"ஏனுங்க, பழம் எடுக்கறீங்களா, குருவி ஓட்டறீங்களா?" என்பார் மேஸ்திரி. எல்லோரும் சிரிப்பார்கள். நான் கொடுக்கும் பதில் குரல் எனக்கே சரியாகக் கேட்காது.

அடுத்த வருஷம் கூவல் குறைந்தது. அதற்கடுத்த வருஷம் நின்றேவிட்டது.

"அக்காளுக்கு மனசு ஆறிப்போச்சு," என்றார்கள். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஆனால் பனிக்குள் நிமிர்ந்து பார்த்தால், என் செடியின் மறுபக்கம் அவர் கை பறித்துக்கொண்டிருக்கும். அவருடைய வரிசையில் பழம் கறுத்து உதிர்ந்தது.

ஒரு நாள் மேஸ்திரி பார்த்துவிட்டார். "உங்க வரிசைய உட்டுட்டு அடுத்தவங்க செடியில என்னங்க வேலை? நாளைக்குக் கீழ்க்காட்டுக்குப் போயிருங்க. தனியா எடுத்தாத்தான் சரிப்படுவீங்க."

எஸ்டேட்டின் கடைசிச் சரிவான கீழ்க்காட்டில் அப்போது வேறு ஆளே கிடையாது. அக்கா தன் வரிசைக்குத் திரும்பினார். பனி அவரை மூடியது.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஊய்!" என்றேன். மேஸ்திரியே திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது: "ஏங்கண்ணு, இத்தனை வருசமா இந்தத் தொண்டைய எந்தப் பானையில மூடி வெச்சிருந்த?"

பொழுது சாயும்வரை மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டே பறித்தோம். அக்கா தன் வரிசையை விட்டு வரவில்லை. அவர் கூடை நிறைந்திருந்ததை மேஸ்திரி பார்த்தார்.

மறுநாள் பனி இல்லை. கீழ்க்காட்டுக்கு மேஸ்திரி வேறு இரண்டு பேரை அனுப்பினார்.